சுவாமி அறைக்குள் இருந்த தடி

கிணற்றை இறைக்காமல் எட்டுக்குச் சமைக்க முடியாது என்று சிவக்கொழுந்து சொல்லிவிட்டாள்.

ஆழ்வாப்பிள்ளை செத்து அன்றைக்கு ஏழாம் நாள். மறுநாள் வெள்ளிக்கிழமை எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து அவருடைய படத்துக்கு முன்னால் படைத்து, சொந்தக்காரருக்குச் சோறு போடவேண்டும். அவர் விழுந்து செத்த கிணற்றின் தண்ணீரை யார் வாயில் வைப்பார்கள்? ஒரு கிழமையாகப் பக்கத்து வளவிலிருந்துதான் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள். செத்தவருக்குக் கூடப்பிறந்தவர்களில் மிஞ்சியிருந்தவள் சிவக்கொழுந்து ஒருத்திதான். அதனால் இந்த வீட்டில் எது ஆகும், எது ஆகாது என்பதை இப்போது அவள்தான் சொன்னாள்.

பக்கத்து வளவுப் பொன்னம்பலம் புகையிலைக்கு இறைக்கிற மிசினைக் கொண்டுவந்து பூட்டினார். மூன்று மணித்தியாலம் அது உறுமியது. தண்ணீர் வாழைகளுக்குள் ஓடி, வேலியைத் தாண்டி, உடுவில் ஒழுங்கைக்கு வந்துவிட்டது. அடித்தளம் தெரிந்ததும் பொன்னம்பலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இறங்கினார். மேலே நின்று வாளியை இழுத்தவன் சுபாங்கன், சிவக்கொழுந்தின் பேரன். ஆழ்வாப்பிள்ளையின் ஒரே மகன் ரொறன்ரோவிலிருந்து வர முடியாமல் போனதால் கொள்ளி வைத்தவனும் அவன்தான்.

ஆரபி கிணற்றடி மறைப்பின் தகரக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். அவள் உள்ளே வரவில்லை. ஏழு நாளாக அந்தக் கதவைத் தாண்டவில்லை.

முதல் வாளியில் சேறு. இரண்டாவதில் ஒரு றப்பர்ச் செருப்பு. மூன்றாவது வாளியைக் கவிழ்த்தபோது சீமெந்துத் தரையில் உருண்டு வந்தது ஒரு ரோச் லைற்.

"பட்டப்பகலிலை ரோச் லைற் எதுக்கு மனுசனுக்கு?" என்றாள் சிவக்கொழுந்து.

பத்மாவதி குனிந்து அதை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். ஆழ்வாப்பிள்ளையின் மூத்த மகள். ஐம்பத்தெட்டு வயது, கலியாணம் கட்டவில்லை. தகப்பனைப் பார்த்ததும், செத்துப்போன தங்கையின் பிள்ளையான ஆரபியை வளர்த்ததும் அவள்தான்.

"ஐயாவுக்கு இரவு பகல் தெரிஞ்சால்தானே மாமி."

"இரவு பகல் தெரியாத மனுசனை வீட்டிலை விட்டுட்டுக் கிணத்தடியைத் திறந்துபோட்டுக் கோயிலுக்குப் போனால் கடவுள் என்ன செய்யிறது?"

"அப்பாச்சி, விடுங்கோவன்," என்றான் சுபாங்கன்.

"நான் ஒண்டும் சொல்லேல்லையடா. நடந்ததைச் சொல்லுறன்."

பத்மாவதி ரோச் லைற்றின் சுவிச்சைத் தள்ளிப் பார்த்தாள். எரியவில்லை. "ஓம் மாமி," என்றாள். "நான் பூட்டேல்லைத்தான்."

ஆரபி தன் பெரியம்மாவைப் பார்த்தாள். கடந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், ஆழ்வாப்பிள்ளையை வெளியே எடுத்துத் தென்னைக்குக் கீழே கிடத்தியிருந்தபோது, பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னது வேறு. "நான் பூட்டினனான்! குளிச்சுப்போட்டுப் பூட்டினனான்! திறப்பை ஆணியிலை கொழுவிப்போட்டுத்தான் போனனான்!" சாம்பல் அள்ளிய காடாத்து நாளில் அது "பூட்டினனான் எண்டுதான் நினைக்கிறன்" ஆனது. செவ்வாய்க்கிழமை, யாரோ துக்கம் விசாரிக்க வந்த பெண்ணிடம், "வெள்ளிக்கிழமை அவசரம், மறந்திருப்பன் போலை" என்றாள். இன்றைக்கு அந்தப் "போலை"யும் போய்விட்டது. ஒரு மனிசியின் நினைவை ஊர் முழுக்கச் சேர்ந்து, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, இல்லாத ஒன்றை அவள் கண்ணாலே கண்டதாக நம்பவைத்துவிட்டது. அதைத் தடுக்க ஆரபியின் வாயில் ஒரு வசனம் இருந்தது. ஏழு நாளாக அது வாய்க்குள்ளேயே இருந்தது.

"பிள்ளை!" என்று கிணற்றுக்குள்ளிருந்து பொன்னம்பலத்தின் குரல் எழும்பி வந்தது. "உங்கடை கிணறு முட்டை இட்டிருக்கு. கறுத்த முட்டை. ஒண்டு, ரண்டு, மூண்டு!"

சுபாங்கன் வாளியை இழுத்துக் கவிழ்த்தான். சேற்றுக்குள் மூன்று கறுப்புப் பந்துகள். தேசிக்காயை விடப் பெரிது, தோடம்பழத்தை விடச் சின்னது. பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டி இறுக்கிச் சுற்றிச் செய்தவை. இருபது வருசத் தண்ணீர் அவற்றை ஒன்றும் செய்யவில்லை.

கிணறு மூண்டு, நாங்கள் சைபர் என்று ஆரபியின் தலைக்குள் ஒரு குரல் சொன்னது. அம்மப்பா ஆழ்வாப்பிள்ளையின் குரல். அதற்குப் பின்னால், அவள் கேட்க விரும்பாத இன்னொரு குரல், அவளுடைய சொந்தக் குரல், நாலு என்றது.

அவள் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஆழ்வாப்பிள்ளை தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். மாத்தளை, காலி, கொழும்பு என்று எங்கே மாற்றினாலும் முதலில் வீடு தேடமாட்டார், மைதானம் எங்கே என்றுதான் கேட்பார் என்று பெரியம்மா சொல்லுவாள். ஹொக்கியில் அவருக்கு ரைட் அவுட் இடம். பெரியம்மா பிறந்த அன்றைக்குத் தபாற்காரருக்கும் றெயில்வேக்காரருக்கும் போட்டி. ஆட்டம் முடிந்துதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முழங்காலில் சேறு, கையில் தடி. தாதி உள்ளே விடமாட்டேன் என்றாளாம். "பிள்ளையைக் காட்டாட்டிலும் பறவாயில்லை, நாங்கள் வெண்டதெண்டு உள்ளை போய்ச் சொல்லுங்கோ" என்றாராம். இதைச் சொல்லும்போது பெரியம்மாவுக்குக் கோபம் வரும். கடைசி வரியில் சிரிப்பும் வந்துவிடும்.

ஆரபியின் தகப்பன் அவள் பிறக்க மூன்று மாதம் இருக்கையில் சைக்கிளில் வேலைக்குப் போனவர், வரவில்லை. தாய் அவளுடைய ஆறு வயதில் காய்ச்சலில் செத்தாள். அந்தச் செத்தவீட்டில் எல்லோரும் ஆரபியைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒருவர் விட்டால் மற்றவர். வியர்வையும் கண்ணீரும் மூக்குத்தண்ணீரும் அவள் தலையில் ஊறின. பிரேதம் போய் வீடு அடங்கிய பிறகு அம்மப்பா வந்து அவளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். இரண்டு தென்னைகளுக்கு நடுவில் அவளை நிறுத்தினார். பத்தடி தள்ளி நின்று, ரியூப்பில் செய்த பந்தை மெதுவாக அவளை நோக்கி உருட்டி அடித்தார். அவள் காலால் மறித்துத் திருப்பி எறிந்தாள். மறுபடி அடித்தார். ஒரு சொல் பேசவில்லை. பொழுது படும்வரை அடித்தார். அவள் அழுதாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. உள்ளங்காலில் ஒவ்வொரு முறையும் வந்து முட்டிய அந்தப் பந்தின் மெதுமைதான் நினைவிருக்கிறது.

சிவக்கொழுந்து வந்து தலையிலடித்தாள். "தாய் எரிஞ்சு முடியேல்லை, அதுக்குள்ளை ஹொக்கி! சனம் என்ன சொல்லும் அண்ணை?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்த அடி தவறிவிட்டது. பந்து கல்லில் பட்டு எழும்பி, கிணற்றுக்கட்டைத் தாண்டி உள்ளே விழுந்தது. ளொப் என்று ஒரு சத்தம். அம்மப்பா கிணற்றைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"கிணறு ஒரு கோல் அடிச்சிட்டுது குஞ்சு," என்றார்.

தாய் செத்த அன்றைக்கு ஆரபி சிரித்தாள். அதற்காக அவரை வாழ்நாள் முழுக்க நேசித்தாள்.

பிறகு வந்த வருசங்களில் கிணறு இன்னும் இரண்டு கோல் அடித்தது. வீட்டில் எது தொலைந்தாலும் அது ஒரு பகிடியாயிற்று. மூக்குக்கண்ணாடியைக் காணவில்லையா, கிணறு எடுத்திருக்கும். பெரியம்மாவின் அகப்பையைக் காணவில்லையா, கிணற்றிடம் கேள்.

மூன்று வருசத்துக்கு முன்னால் அவருக்கு மறதி வருத்தம் தொடங்கியது. ரொறன்ரோ மகனின் பெயர் முதலில் போனது. மனைவி செத்தது மறந்து போனது. ஆரபியைத் தாயின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆனால் கை தடியை மறக்கவில்லை. எண்பத்துநாலு வயதில் விடிய எழும்பி, பிடியில் சிவப்புத் துணி சுற்றிய அந்தப் பழைய தடியை எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் போவார். வழியில் கிடக்கிற கல்லையெல்லாம் பந்தாக்கி, "பாஸ்! பாஸ் பண்ணு!" என்று யாரையோ கூப்பிட்டபடி அடித்துக்கொண்டு போவார். "ஹொக்கியர் வாறார், விலத்துங்கோ" என்று சனம் சிரித்துக்கொண்டு சைக்கிளை ஓரங்கட்டும்.

ஒருநாள் யாரும் சிரிக்கவில்லை. ரியூசனுக்குப் போய்க்கொண்டிருந்த ஜெயனி என்ற பிள்ளையின் புருவத்தில் கல் பட்டது. நாலு இழை தையல் போட்டார்கள். தாய் படலையில் வந்து நின்று கத்தினாள்.

"ஒரு விரல் கீழை பட்டிருந்தால் என்ரை பிள்ளைக்குக் கண் இல்லை! கிழவனைக் கட்டி வையுங்கோ. ஏலாதெண்டால் அந்தத் தடியைப் பிடுங்கி அடுப்பிலை வையுங்கோ!"

பெரியம்மா அவளுடைய காலில் விழாத குறை. அவள் போன பிறகு ஆரபியிடம் சொன்னாள்: "தடியிலை மட்டும் கை வைச்சிடாதை பிள்ளை. அதுதான் ஐயாவைப் பிடிச்சு வைச்சிருக்கு. நாங்கள் படலையைப் பூட்டுவம்."

படலையைப் பூட்டினார்கள். கிணற்றடிக்கும் ஒரு ஆமைப்பூட்டு வாங்கிப் போட்டார்கள். அவர் படலையைப் பிடித்து உலுக்கினார். தடியால் அடித்தார். ஒழுங்கை முழுக்க அந்தத் தகரச் சத்தம் கேட்டது. ஆரபி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். ஜெயனி அவளுடைய வகுப்பு. நெற்றியில் பிளாஸ்ரரோடு அந்தப் பிள்ளை முன் வாங்கில் இருந்து அவளை நிமிர்ந்து பார்த்தது. அன்றைக்குப் பின்னேரம் அம்மப்பா தூங்கும்போது ஆரபி தடியை எடுத்துக்கொண்டுபோய்ச் சுவாமி அறை அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் செருகிவைத்தாள். பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை.

அந்த இடத்தை அவள் யோசித்துத்தான் தெரிவு செய்தாள். குளிக்காமல் சுவாமி அறைக்குள் கால் வைக்கக்கூடாது என்பது ஆழ்வாப்பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே எலும்பில் ஏறிய பழக்கம். எல்லாம் மறந்த பிறகும் அது மறக்கவில்லை. ஆனால் தான் குளித்ததா இல்லையா என்பது அவருக்கு மறந்துபோகும். வாசற்படியில் நின்று, "நான் குளிச்சனானோ?" என்று கேட்பார். "ஓம் ஐயா, இப்பதானே வாத்துவிட்டனான்" என்று பெரியம்மா சொன்னாலும் நம்பமாட்டார். தன்னிலேயே சந்தேகப்பட்டு வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். வீடு முழுக்கத் தேடினாலும் அங்கே மட்டும் தேடமாட்டார் என்று ஆரபிக்குத் தெரியும். அவருடைய பக்தியை அவள் ஒரு பூட்டாகப் பாவித்தாள். அதை நினைக்கும்போதுதான் அவளுக்குத் தன்மேல் ஒரு அருவருப்பு வந்தது.

ஒன்பது நாள் தேடினார். கட்டிலுக்குக் கீழே, விறகு மாலுக்குள், வாழைகளுக்கு நடுவில். "என்ரை தடியைக் கண்டனியோ குஞ்சு?" "இல்லை அம்மப்பா." ஐந்து நிமிசத்துக்குப் பிறகு மறுபடியும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, ஐம்பது தடவை. பெரியம்மாவும் அவரோடு சேர்ந்து குனிந்து குனிந்து தேடினாள். ஆரபியும் தேடுவதுபோல நடித்தாள்.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூட விடுமுறை. பெரியம்மா குளித்து, கிணற்றடியைப் பூட்டி, திறப்பை ஆணியில் கொழுவிவிட்டு இணுவில் கந்தசாமி கோயிலுக்குப் போனாள். ஆரபி அந்தத் திறப்பை எடுத்துக் கதவைத் திறந்து உடுப்புத் தோய்த்தாள். அம்மப்பா வந்து மறைப்புக்கு வெளியே நின்றார். "என்ரை தடியைக் கண்டனியோ?" முழங்கைவரை சவர்க்கார நுரை. வெயில். அன்று காலையில் மட்டும் அது எத்தனையாவது தடவையோ.

"கிணத்துக்கைதான் கிடக்கும்! போய்ப் பாருங்கோ!" என்றாள்.

கத்தினாள் என்றுதான் சொல்லவேண்டும். அவர் ஏதோ சொன்னார். பிறகு வீட்டுப் பக்கம் போனார். அவள் உடுப்பைக் கொடியில் போட்டாள். உள்ளே தொலைபேசி அடித்தது. கூடப் படிப்பிக்கும் பிரசாந்தி, பரீட்சைத் தாள் திருத்துவது பற்றிக் கேட்டாள். இருபது நிமிசம் கதைத்தார்கள். கதவைப் பூட்டவில்லை.

மரண விசாரணைக்கு வந்தவரிடம், "நான் உள்ளை ஃபோனிலை கதைச்சுக்கொண்டு நிண்டனான்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாள். அது உண்மைதான். கிணற்றடிக் கதவைப் பற்றி அவர் பெரியம்மாவிடம்தான் கேட்டார்.

சாவுத் தீட்டான துடக்கு வந்துவிட்டதால் சுவாமி அறையைச் சாத்தினார்கள். இனி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு கழித்து, வீடு கழுவிய பிறகுதான் திறக்கலாம். அதுவரை தடி அங்கே இருக்கும். அதுவரை யாருக்கும் தெரியாது. ஆரபிக்கு அது முதலில் ஆறுதலாக இருந்தது. இப்போது ஒவ்வொரு முறை அந்தச் சாத்திய கதவைத் தாண்டும்போதும் உள்ளே ஒருவர் மூச்சு விடாமல் நிற்பதுபோலத் தெரிந்தது.

வியாழன் பின்னேரம் சுபாங்கன் தன் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தான். அதற்குள் ரொறன்ரோ மாமா. பின்னால் வெள்ளைச் சுவர்.

"அக்கா, நாளைக்குப் படையலிலை ஐயாவின்ரை ஹொக்கித் தடியை வைக்க மறந்திடாதேங்கோ. அது இல்லாமல் அவருக்கென்ன எட்டு?"

"அது துலைஞ்சு போச்சடா. சாகிறதுக்குப் பத்து நாள் முன்னமே."

"வீட்டுக்குள்ளை கிடந்த தடி எங்கை போறது? ஐயாவையும் பாக்கேல்லை, அவரின்ரை தடியையும் பாக்கேல்லையோ?"

சொன்ன பிறகு அவருக்கே அது உறைத்திருக்கவேண்டும். "சரி, விடுங்கோ" என்று முணுமுணுத்தார். பத்மாவதி உழுந்து அரிக்கத் தொடங்கினாள். இந்த ஏழு நாளில் அவள் தேத்தண்ணீரைத் தவிர எதையும் விழுங்கவில்லை. ஒரு பிடி சோற்றை வாயருகே கொண்டுபோவாள், பிறகு கோப்பையில் வைத்துவிடுவாள். முழங்கை எலும்பு துருத்திக்கொண்டு வந்திருந்தது.

"நீங்கள் கவலைப்படாதேங்கோ, நான் ரவுணிலை ஒண்டு வாங்கிக்கொண்டு வாறன்," என்றான் சுபாங்கன்.

அவன் வாங்கிக்கொண்டு வந்தது பச்சையும் மஞ்சளுமாக மினுங்கியது. பிடியில் பிளாஸ்ரிக் உறை பிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் முன்விறாந்தையில் ஆழ்வாப்பிள்ளையின் படத்துக்கு முன்னால் தலைவாழையிலை விரித்தார்கள். குத்தரிசிச் சோறு, முருங்கைக்காய்க் குழம்பு, பாரை மீன் பொரியல், உழுந்து வடை, பனங்கட்டி, ஒரு சுருட்டு, ஒரு கால் போத்தல் சாராயம். பக்கத்தில் புதுத் தடி. பொன்னம்பலம் அதை ஒருதரம் பார்த்தார்.

"ஆழ்வாப்பிள்ளையர் உதாலை அடிக்கமாட்டார். உது கலியாண வீட்டுக் குடை மாதிரிக் கிடக்கு," என்று மெல்லச் சொன்னார். இரண்டொருவர் சிரித்தார்கள்.

கற்பூரம் கொளுத்தினார்கள். பெண்கள் கூடியிருந்து அழத் தொடங்கினார்கள். அழுகை ஓய்கிற நேரத்தில்தான் பத்மாவதியின் குரல் தனியாக எழும்பியது. படத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"ஐயா, நான்தான் உங்களைக் கிணத்துக்கை தள்ளினனான். கதவைத் திறந்துவிட்டுத் தள்ளினனான். என்னை ஏன் வைச்சிருக்கிறியள்? என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஒரு பெண் பக்கத்துப் பெண்ணைப் பார்த்துத் தலையாட்டினாள். ஆரபி அந்தத் தலையாட்டலைக் கண்டாள். எழும்பினாள். விறாந்தையைத் தாண்டி உள்ளே போய், சுவாமி அறைக் கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள்.

"அடியேய்! துடக்கு! துடக்கு!" சிவக்கொழுந்தின் குரல் பின்னால் ஓடி வந்தது.

உள்ளே ஏழு நாள் அடைபட்ட பூ அழுகிய மணம். விளக்கு எண்ணெய் வற்றிக் கிடந்தது. படங்கள் எல்லாம் அவளைப் பார்த்தன. அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தடியை இழுத்தாள். சிவப்புத் துணியில் ஒட்டறை சுற்றியிருந்தது. அதைக் கொண்டுவந்து படையலில் புதுத் தடிக்குப் பக்கத்தில் வைத்தாள். அடிபட்டுத் தேய்ந்து, வளைவில் கறுத்து, பிடிக்கிற இடத்தில் அவருடைய கைவிரல் பதிந்த பள்ளத்தோடு இருந்தது.

"எங்கை கிடந்தது?" என்றான் சுபாங்கன்.

"நான்தான் ஒளிச்சு வைச்சனான். ஜெயனிக்குக் கல்லு பட்டாப் பிறகு."

அவள் காத்திருந்தாள். யாராவது அடுத்த கேள்வியைக் கேட்கவேண்டும் என்று காத்திருந்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

ஆனால் சிவக்கொழுந்து மூக்கைச் சிந்திவிட்டு, "நல்லதுக்குத்தானே செய்தனீ," என்றாள். "இன்னொரு பிள்ளையின்ரை கண் போயிருந்தால் ஆர் பதில் சொல்லுறது? புத்தியான வேலைதான் செய்திருக்கிறாய். சுவாமி அறையைத் திறந்ததுதான் பிழை. அதுக்கு ஐயரைக் கேட்டுப் பரிகாரம் ஏதும் செய்வம்." மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். ஒருவர் அவளுடைய முதுகைத் தடவினார். இலை போட்டார்கள். சனம் சாப்பிட்டது. சுபாங்கன் புதுத் தடியைப் பையில் போட்டான்.

பாதி உண்மைக்குக் கிடைத்த மன்னிப்பு அவளுடைய வாயில் மண்ணாக இருந்தது. பொய்க்குப் பாரம் கூடியதே தவிரக் குறையவில்லை. பெரியம்மா தடியை ஒருதரம், ஆரபியை ஒருதரம் பார்த்தாள். பிறகு பந்தியில் குழம்பு ஊற்றப் போய்விட்டாள்.

பொழுது படும் நேரம் படையலில் ஒரு பங்கை ஓலைப்பெட்டியில் எடுத்துச் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்த சுபாங்கன், சிவக்கொழுந்தை மோட்டார்ச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சண்டிலிப்பாய்க்குப் போனான். பொன்னம்பலம் காலையிலேயே மூன்றாவது முறையும் கிணற்றை இறைத்து, மஞ்சளும் உப்பும் போட்டுவிட்டுப் போயிருந்தார். வீட்டில் இருவர்தான். குசினியில் பத்மாவதி அழுக்குச் சட்டிகளுக்கு நடுவில் பலகையில் இருந்தாள். ஆரபி வாசலில் நின்றாள்.

"பெரியம்மா, நான் முழுக்கச் சொல்லேல்லை."

பத்மாவதி நிமிரவில்லை. "சொல்லு."

"கிணத்தடியைத் திறந்தது நான். நீங்கள் போனாப் பிறகு உடுப்புத் தோய்க்கத் திறந்தனான். ஃபோன் வந்தது. பூட்டாமல் போட்டன்."

பத்மாவதியின் கை சட்டியின் விளிம்பில் நின்றது.

"அதுக்கு முதல் அம்மப்பா வந்து தடி எங்கையெண்டு கேட்டவர். எனக்கு விசர் வந்தது. கிணத்துக்கைதான் கிடக்கும், போய்ப் பாருங்கோ எண்டு சொன்னன். அதுதான் ரோச் லைற் எடுத்துக்கொண்டு வந்தவர். கிணத்துக்கை இருட்டு, பாக்கிறதுக்கு."

வெளியே தென்னை ஓலை ஒன்று உரசியது. பத்மாவதி சட்டியைத் தள்ளி வைத்தாள்.

"நீ அப்பிடிச் சொல்ல ஐயா என்ன சொன்னவர்?"

ஆரபி இந்த ஒன்றை மட்டும் நினைக்காமல் இருக்க எட்டு நாளாகப் பாடுபட்டாள். அவருடைய முகம். ஒன்பது நாள் கலங்கிக் கிடந்த முகம் ஒரு கணத்தில் தெளிந்தது.

"சிரிச்சவர்," என்றாள். "'ஓம், அங்கைதான் கிடக்கும். கிணறு எப்பவும் எடுக்கிறதுதானே குஞ்சு' எண்டு சொன்னவர். சந்தோசமாப் போனவர்."

பத்மாவதி கண்ணை மூடினாள். மூடியபடியே கேட்டாள்.

"அப்ப நான் பூட்டினனான்."

"ஓம். நீங்கள் பூட்டினனீங்கள்."

"திறப்பை ஆணியிலை கொழுவினனான்."

"ஓம் பெரியம்மா."

"நான் பூட்டினனான்," என்றாள் மறுபடியும், யாருக்கோ அல்ல, தனக்கு. இருட்டில் கை நீட்டித் தன்னுடைய பொருளைத் தொட்டு அறிகிற ஒருத்தி போல.

ஆரபி அடி விழும் என்று நின்றாள். அடி விழுந்தால் நல்லது என்று நின்றாள். ஒரு சொல், ஒரு சாபம், "ஏன் பிள்ளை" என்று ஒரு கேள்வி, எதுவானாலும். பத்மாவதி எழும்பினாள். கோப்பையைக் கழுவினாள். பானையைத் திறந்து சோறு போட்டாள். ஒரு அகப்பை, இன்னொரு அகப்பை. பலகையில் இருந்து பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள். எட்டு நாள் பசி. பெரிய பெரிய கவளமாக, தலை நிமிராமல், பக்கத்தில் ஆள் நிற்பது தெரியாதவள்போலச் சாப்பிட்டாள். விக்கியது.

"குழம்பு கொஞ்சம் ஊத்து."

ஆரபி ஊற்றினாள். பெரியம்மா மீன் துண்டை எடுத்து முள் பிரித்தாள். அவளுடைய முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. சாப்பிடுகிற முகம் மட்டும்தான் இருந்தது. இந்த வீட்டில் இனி இருக்கப்போகும் நாட்களில் அந்த முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தனக்கு ஒருபோதும் தெரியவராது என்று ஆரபிக்குத் தோன்றியது.

"தண்ணி," என்றாள் பத்மாவதி.

ஆரபி மூலையில் இருந்த குடத்தின் பக்கம் திரும்பினாள். பக்கத்து வளவிலிருந்து சுமந்து வந்த தண்ணீர்.

"உது வேண்டாம். எங்கடை கிணத்துத் தண்ணி அள்ளிக்கொண்டு வா."

ஆணியிலிருந்து திறப்பை எடுத்தாள். மங்கிய வெளிச்சத்தில் தகரக் கதவைத் திறந்து உள்ளே போனாள். சீமெந்துத் தரையில் மூன்று கறுப்புப் பந்துகளும் நேற்றுக் கிடந்த இடத்திலேயே கிடந்தன. வாளியை இறக்கினாள். ஊற்றுத் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. வாளி போய் முட்டியபோது கேட்ட சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம். கயிறு கையை அறுத்தது. அள்ளியதைச் செம்பில் ஊற்றிக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, ஆமைப்பூட்டை அழுத்தினாள்.

பத்மாவதி செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். வாயைத் துடைத்தாள். அப்போதுதான் முதல்தடவையாக ஆரபியின் முகத்தைப் பார்த்தாள்.

"பூட்டினனியோ?"

"பூட்டினனான்."

பத்மாவதி பார்வையை எடுக்கவில்லை. ஆரபி தன் கையைப் பார்த்தாள். திறப்பு கையில்தான் இருந்தது. பூட்டு கிளிக் என்று விழுந்த சத்தம் கேட்டதா என்று யோசித்தாள். கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. அவள் திரும்பி, மறுபடியும் கிணற்றடிப் பக்கம் நடந்தாள்.